நாலடி பத்து

சட்டத்துக்குக் கீழே வேலு நுழைந்தபோது விக்டர் வாத்தியார் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். தான் மூச்சு விட்டால் பையன் வளர்ந்துவிடுவான் என்று பயந்தவர் மாதிரி நின்றார். இரண்டு கால், மேலே ஒரு குறுக்குக் கட்டை, அவ்வளவுதான் அந்த அளவுச் சட்டம். தரையிலிருந்து கட்டையின் அடிப்பக்கம் வரை நாலடி பத்து அங்குலம். தலை இடிக்காமல் நிமிர்ந்தபடி அதைக் கடந்தவன் ஆடலாம். இடித்தவன் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டலாம். வயசைக் கேட்டால் ஒரு பயலும் உண்மையைச் சொல்லமாட்டான், பாதிப் பேருக்குப் பிறந்த தேதியே தெரியாது. அதனால் இந்தச் சிறுவர் புட்பால் ஷீல்டுக்கு வயசுக்குப் பதில் உயரம் என்று வைத்திருந்தார்கள். பையன்கள் அந்தச் சட்டத்தைத் தூக்குமரம் என்றுதான் சொல்வார்கள்.

வேலுவின் முடி கட்டையை உரசியது. ரெஃப்ரி ஆம்ப்ரோஸ் உடனே குனிந்து அவன் குதிகாலைப் பார்த்தார், பிறகு முட்டியைப் பார்த்தார்.

"முட்டி மடங்கக் கூடாது."

வேலு முட்டியை நிமிர்த்தினான். முடி நசுங்கியது. மண்டை இடித்ததா இல்லையா என்பது ஆண்டவருக்கும் ஆம்ப்ரோசுக்கும்தான் வெளிச்சம். ஆம்ப்ரோஸ் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "இந்தத் தடவை சரி. பைனலுக்குப் பார்ப்போம்" என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

அன்றைக்கு அரையிறுதியில் சாந்தோம் பையன்கள் ஜெயித்தார்கள். இரண்டு கோலும் வேலு போட்டதுதான். பையன்கள் வாத்தியாரைச் சுற்றி நின்று குதித்தார்கள், ஒருவன் அவர் தொப்பியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான். விக்டருக்கோ அந்த 'பார்ப்போம்' தொண்டையில் மீன் முள்ளாய் நின்றது. எதைப் பார்க்கப் போகிறார்? இன்றைக்குப் பார்த்தது போதாதா? யார் சொல்லிப் பார்க்கப் போகிறார்?

ஆம்ப்ரோஸ் வெளியூர் ஆள் ஒன்றும் இல்லை. துறைமுகத்தில் மூட்டை எடை பார்க்கிற குமாஸ்தா. சாந்தோம் கோயிலில் விக்டருக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்து பூசை காண்கிறவர். சொந்தக் கோயில் பங்கு ஆளாயிற்றே, நமக்கென்று கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்வார் என்று நினைக்கிறவரைப்போல அசடு கிடையாது. வெறுங்காலில் ஆடுகிற பையன்களை வரிசையாக நிறுத்திக் கால் நகத்தைப் பார்ப்பார். நீளமாக இருந்தால் போய்க் கல்லில் தேய்த்துவிட்டு வா என்பார். மைதானத்தில் எச்சில் துப்பினால் விசில், எதிராளியை 'டேய்' என்றால் விசில், கோல் போட்டவன் துள்ளிக் குதித்தால் அதற்கும் ஒரு விசில். போன மாதம் இவர்கள் கொண்டுபோன பந்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். "இது பந்து இல்லை, பலாப்பழத் தோல்" என்று சொல்லித் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டு போயே போய்விட்டார். விட்டுவிட்டால் மறுபடியும் இதையேதான் கொண்டுவருவீர்களாம். யுத்தம் முடிந்து வருஷம் திரும்பியும் நல்ல தோல் பந்துக்கு எங்கே போவது? விக்டரின் மனைவி நோரா அடையாளத்துக்கு நீல மசியால் சிலுவை போட்டுக் கொடுத்த பந்து அது. திரும்பி வரவேயில்லை.

விக்டர் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை ஒன்றுதான். அந்த மனிதரிடம் வாதாடாதே. விசில் கேட்டால் கையைக் கட்டு, 'யெஸ் சார்' என்று சொல், நகர்ந்துவிடு. பையன்கள் அதை ஒழுங்காகச் செய்தார்கள். வாத்தியாருக்குத்தான் முடியவில்லை. வாய் சும்மா இருந்தாலும் மனசு ஆம்ப்ரோசைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்துகொண்டே இருந்தது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மயிலாப்பூரில் ஒரு ஹைஸ்கூல், அதன் ஹெட்மாஸ்டர் கணேசமூர்த்திக்கு புட்பால் என்றால் உயிர். வருஷத்துக்கு ஒரே ஒரு பையனை, ஆட்டத்தைப் பார்த்து, சம்பளமில்லாமல் சேர்த்துக்கொள்வார். அவர் வந்து உட்காருவது பைனலுக்கு மட்டும். வேலுவுக்குப் பங்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பு முடிந்துவிட்டது. பட்டினப்பாக்கம் குப்பத்தில் அவன் அப்பா சுப்புராயன் ஏற்கெனவே கட்டுமரத்தில் அவனுக்கு இடம் ஒதுக்கிவிட்டார். ஹெட்மாஸ்டர் கண்ணில் பட்டால் பள்ளிக்கூடம், இல்லையென்றால் கடல். விக்டர் வாத்தியார் வேலைக்கு வந்த நாள் முதல் குப்பத்திலிருந்து ஒரு பிள்ளையைக்கூட ஹைஸ்கூலுக்கு அனுப்பியதில்லை. எல்லாரையும் எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்து அலைக்குள் அனுப்பிவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. இந்த ஒருவனையாவது கரையேற்றிவிடவேண்டும் என்று ஒரே வெறி.

ஆனால் பையன் வளர்கிறானே, அதை யார் தடுப்பது? மறுநாள் வகுப்புச் சுவரில் சாய்த்து அளந்து பார்த்தார். நாலடி பத்துக்கு மேல் கால் அங்குலம் இருந்தான். அன்றைக்கு எப்படித்தான் கடந்தானோ!

தலையில் பாரம் சுமக்கிறவன் காலையில் இருந்த உயரம் சாயங்காலம் இருக்கமாட்டான் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். பிடித்துக்கொண்டார் அதை. பள்ளிக்கூடம் விட்டதும் ஈர மணல் மூட்டையை வேலு தலையில் ஏற்றி அடையாற்று முகத்துவாரம் வரை நடக்கவிட்டார். இரண்டாம் நாளே அவன் அம்மா தாயம்மா மீன் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா வாத்தியாரே, எம்புள்ள நெடுநெடுன்னு வளரணும்னு நான் மாரியாத்தாளுக்கு வேண்டிக்கினு கீறேன். நீ இன்னாடான்னா அவனைக் குட்டையாக்க மூட்டை தூக்க வெச்சிக்கினு கீறே?"

"பத்து நாளைக்குத்தான் தாயம்மா. ஆட்டம் முடிஞ்சதும் அவன் பனைமரமா வளரட்டும், யார் வேணாம்னா?"

"அதுக்குள்ள கழுத்து உள்ள போயிட்டா இன்னா பண்றது?"

தாயம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "படிச்சவன் பேச்சை நம்பிக்கினு கீறேன்" என்று முனகிக்கொண்டே போனாள். ஆனாலும் மறுநாள் முதல் மணல் மூட்டைக்குப் பதிலாக மீன் கூடையை அவன் தலையில் ஏற்றிச் சைதாப்பேட்டைச் சந்தைக்குக் கூட்டிப்போனாள். சுமக்கிறதுதான் சுமக்கிறான், வீட்டு வேலையாவது நடக்கட்டுமே என்று. ஒருநாள் அப்படிப் போகையில் எதிரே சைக்கிளில் வந்த ஆம்ப்ரோஸ் இறங்கி நின்றாராம். "ஆட்டக்காரன் ஏன் கூடை தூக்குறான்?" என்று கேட்டாராம். வேலு கையைக் கட்டமுடியாமல் கூடையைப் பிடித்தபடியே 'யெஸ் சார்' என்றானாம்.

"அப்புறம்? அப்புறம் என்ன கேட்டார்?" விக்டர் துடித்துப்போனார்.

"ஒண்ணியும் கேக்கல சார். என் தலையவே பாத்துகினு இருந்தாரு."

போச்சு! கண்டுபிடித்துவிட்டான் மனுஷன். இது போதாதென்று இன்னொன்றும் காதில் விழுந்தது. பைனலில் எதிர் அணி சைதாப்பேட்டை. அந்த அணிக்கு எல்லாச் செலவும் செய்கிறவர் ஆற்றங்கரையில் மரவாடி வைத்திருக்கும் பொன்னுரங்கம். அந்த அளவுச் சட்டமே பொன்னுரங்கத்தின் மரவாடியில் செய்ததுதானாம். ஆட்டத்துக்கு ஆட்டம் அதை மைதானத்துக்கு ஏற்றி வந்து ஆம்ப்ரோஸ் வீட்டில் இறக்கிவிடுவதும் அவருடைய வண்டிதான். விக்டருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. சட்டத்தைச் செய்கிறவன் எதிராளி, வைத்திருக்கிறவன் ரெஃப்ரி. ஒரு சீவு சீவினால் அரை அங்குலம் குறையாதா? அதனால்தான் அன்றைக்கு வேலுவுக்கு இடித்ததோ?

"உங்களுக்குக் கோயில்லகூட பீடம் தெரியறதில்லை, அந்த ஆளு முதுகுதான் தெரியுது" என்றாள் நோரா.

"நீ கேலி பண்ணு. அவர் வீட்டுக்குப் போய் அந்தச் சட்டத்தை ஒரு தடவை அளந்துட்டு வந்துடேன்."

"நானா? நல்லா இருக்கே கதை!"

நல்லாத்தான் இருந்தது. கோயிலில் முதன்முதலாக நன்மை வாங்கப்போகிற பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் புதுநன்மை கவுன் தைக்கவேண்டும், மாதிரி வேண்டும் என்ற சாக்கில், கழுத்தில் தையல் டேப்போடு நோரா ஆம்ப்ரோஸ் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி பியாட்ரிஸ் காப்பி போட உள்ளே போன நேரத்தில் மாடிப்படிக்கு அடியில் சாத்தியிருந்த சட்டத்தை இருட்டிலேயே தடவி அளந்தாள். பியாட்ரிஸ் வந்து நின்றபோது டேப் இன்னும் கையில்தான் இருந்தது. ஜன்னலுக்குத் திரை தைக்க யோசிக்கிறேன் என்று மாடிப்படிக்கடியில் நின்றுகொண்டு சொன்னாளாம். அங்கே எந்த ஜன்னல்?

"குறைச்சல் இல்லைங்க" என்றாள் வீட்டுக்கு வந்து. "நாலடி பத்தரை. அரை அங்குலம் கூட இருக்கு. அடியில ரெண்டு காலுக்கும் ஏதோ மெத்துனு வச்சிருக்காங்க, ஈரம் ஏறாம இருக்கவோ என்னவோ."

விக்டர் நம்பவில்லை. டேப் நைந்து நீண்டிருக்கும் என்று பள்ளிக்கூடத்து அடிக்கோலை வைத்துப் பார்த்தார். டேப்பில் ஒரு பழுதும் இல்லை. அப்புறம்தான் அவருக்குப் பளிச்சென்று விளங்கியது. ஓஹோ! சைதாப்பேட்டை அணியில் நடுவில் ஆடுகிறானே, தோள் அகலமாக, மீசை அரும்பின ஒரு தடியன், அவனை உள்ளே விடத்தான் இந்த ஏற்பாடு. ரெஃப்ரியும் உடந்தை. விடக்கூடாது இவர்களை! சைக்கிளை எடுத்துக்கொண்டு தியாகராய நகருக்கு, பந்தயக் கமிட்டி செயலாளர் வீட்டுக்கு மிதித்தார். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டே போனார். அந்த வீட்டு கேட்டில் கை வைத்த பிறகுதான் உறைத்தது. சட்டத்தைச் சரி செய்தால் நாலடி பத்து. வேலு நாலடி பத்தேகால்.

கை தானாகக் கீழே இறங்கியது. உள்ளேயிருந்து நாய் குரைத்தது, யாரோ "யாரது?" என்றார்கள். விக்டர் பதில் சொல்லாமல் சைக்கிளைத் திருப்பினார். கையும் களவுமாகப் பிடித்த திருட்டை வெளியே சொல்ல வாயில்லை. சொல்லாமல் இருப்பதால் தானும் அந்தத் திருட்டில் பங்காளி. அவருக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. அதற்காக மீன் கூடையை நிறுத்திவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. ஆம்ப்ரோசை நம்பமுடியுமா? பைனலுக்கு முன்னால் மறுபடியும் இறக்கிவிட்டால்?

பைனல் சனிக்கிழமை சாயங்காலம், மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். பெஞ்சில் கணேசமூர்த்தி குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆம்ப்ரோஸ் நகம் பார்த்தார், பந்தை அமுக்கிப் பார்த்தார். பிறகு சட்டம் நின்றது. சைதாப்பேட்டைத் தடியன் சிரித்துக்கொண்டே கடந்தான். அவன் தலைக்கும் கட்டைக்கும் நடுவே தாராளமாக இடம் இருந்தது. விக்டருக்குத் திக்கென்றது. இவனுக்காகச் சட்டத்தை ஏற்றவில்லையா? அப்படியானால் யாருக்காக?

வேலு கடைசியில் வந்தான். முட்டி விறைப்பாக, குதிகால் தரையில். முடி மட்டும் லேசாகப் பட்டது. கடந்துவிட்டான்.

"இரு சார், இரு." பொன்னுரங்கம் துண்டை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். "நான் செஞ்ச சட்டம் இது, எனுக்குத் தெரியாதா? கட்டை தூக்கலா கீது."

அவர் ஆம்ப்ரோஸ் பக்கம் திரும்பினார்.

"வாத்தியார் ஊட்டம்மா டேப்பும் கையுமா உங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போச்சாமே சார். எங்க காதுலயும் வுழுவும். சட்டத்தைக் கவுத்துப் பாத்துடலாம்."

விக்டர் பெஞ்சைப் பார்த்தார். பாவி! தான் பட்ட சந்தேகம் சுற்றிக்கொண்டு தன் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறதே. அளந்தால் அரை அங்குலம் வெளியே வரும். நோரா பெயர் சந்தி சிரிக்கும். பெஞ்சில் இருக்கிற மனிதர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

மைதானத்தில் பூட்ஸ் போட்டிருந்தவர் ஆம்ப்ரோஸ் ஒருவர்தான். அவர் நிதானமாக நகர்ந்து போய்ச் சட்டத்தின் வலது காலுக்கு முன்னால் பூட்ஸை ஊன்றி நின்றார்.

"நேத்து நானே அளந்தேன். நாலடி பத்து."

"இன்னொரு தபா..."

"ரெஃப்ரி நீங்களா நானா? என் அளவு மேல சந்தேகம்னா உங்க பசங்களைக் கூட்டிக்கிட்டுப் போகலாம். வாத்தியாருக்குச் சந்தேகம்னா அவரும் போகலாம்." அவர் விக்டரைத் திரும்பிப் பார்த்தார். "என்ன வாத்தியாரே, சந்தேகம் இருக்கா?"

"இல்லை சார்" என்றார் விக்டர். கை தானாகவே மார்பில் கட்டிக்கொண்டது. நல்லவேளை, பையன்களில் ஒருவன்கூடச் சிரிக்கவில்லை.

பொய் சொல்கிறார் ஆம்ப்ரோஸ். பச்சைப் பொய். மூட்டையில் ஒரு பிடி குறைந்தாலும் இறக்கி நிறுக்கிற மனுஷன், ஊர் பார்க்கப் பொய் சொல்லிவிட்டு வாயில் விசிலை வைக்கிறார். விக்டருக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை. சும்மா கொடுக்கிற ஆளா இவர்? கொடுத்ததை எங்கே வசூல் செய்யப்போகிறார் என்று விக்டர் ஆட்டம் முழுக்க விசிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலு அன்றைக்கு ஆடினானே, அடேயப்பா! பந்து அவன் பாதத்தை விட்டு நகரமாட்டேன் என்றது. இரண்டு பேரை ஏமாற்றி, மூன்றாமவன் காலிடுக்கில் கூட்டாளிக்குத் தட்டித் திருப்பி வாங்கி, கோல்கீப்பரை உட்கார வைத்துவிட்டு உள்ளே போட்டான். கணேசமூர்த்தி குடையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். விசில் அடித்தது. ஆஃப்சைடாம்!

விக்டர் கட்டின கையை மறந்தார், சொல்லிக்கொடுத்த வித்தையை மறந்தார், கோட்டைத் தாண்டி ஓடினார். "எங்கே சார் ஆஃப்சைடு? அவங்க பையன் கோல் கம்பத்தை ஒட்டித்தானே நின்னான்!"

"கோட்டுக்கு வெளியே, வாத்தியாரே."

"கண்ணு தெரியலையா சார் உங்களுக்கு?"

"வெளியே." குரல் ஏறவேயில்லை. "இன்னொரு வார்த்தை பேசினா உங்க பசங்களையும் கூட்டிட்டுப் போகவேண்டியதுதான்."

வேலுவே வந்து வாத்தியாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். "உடு சார், அந்தாளாண்ட இன்னா பேச்சு" என்றான் மெதுவாக. முடிகிற நேரத்தில் சைதாப்பேட்டை ஒரு கோல் போட்டது, அதில் ஒரு குறையும் சொல்லமுடியாது. ஷீல்டு போயிற்று. பொன்னுரங்கம் கேடயத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு யாரிடமும் பேசாமல் கிளம்பினார். சட்டத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கணேசமூர்த்தி வேலுவைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். விக்டரிடம் வந்து, "ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கிறச்சே இவன் அப்பாவோட வரச்சொல்லுங்கோ. அந்தக் கோல் கோல்தான், நான் பார்த்தேன்" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பையன் நல்ல உசரம்" என்றார்.

விக்டருக்கு அழுகை வந்துவிட்டது. வேலு அம்மாவிடம் சொல்ல ஓடினான். கூட்டம் கலைந்தது, மைதானத்தில் வேர்க்கடலைத் தொலிதான் மிச்சம். ஆம்ப்ரோஸ் மட்டும் சட்டத்தைப் படுக்கவைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வண்டிக்காரர் கோவிச்சுட்டுப் போயிட்டார்" என்றார். "அந்தக் கால் பக்கம் கொஞ்சம் பிடிங்க வாத்தியாரே. வீடு வரைக்கும்."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆஃப்சைடு கொடுத்த மனுஷனுக்குச் சுமையும் தூக்க வேண்டுமா? ஆனால் அவர் சொன்ன பொய் ஒன்று நடுவில் நிற்கிறதே. ஆம்ப்ரோஸ் குறுக்குக் கட்டைப் பக்கம் முன்னால் தூக்கிக்கொண்டார். விக்டர் பின்னால், கைக்கு ஒரு காலாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். மைதானத்தைத் தாண்டிச் சாந்தோம் சாலைக்குத் திரும்பியபோதுதான் விரல் நுனியில் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது.

குனிந்து பார்த்தார். இரண்டு காலின் அடியிலும் தோல், மடிப்பு மடிப்பாக அடுக்கிக் குட்டை ஆணியால் அடித்திருந்தது. இடது காலில் இருந்த துண்டில் வரிசையாக ஓட்டைகள், பந்துக்குக் கயிறு கோக்கிற ஓட்டைகள். வலது காலில் மேலாக இருந்த துண்டில் நீல மசி. நோரா போட்ட சிலுவை, பாதியில் வெட்டுப்பட்டு.

பலாப்பழத் தோல்! பொன்னுரங்கம் இதைக் கவிழ்த்துப் பார்த்திருந்தால் வேறு யாரைச் சொல்லியிருப்பார்கள்? சாந்தோம் பந்து, சாந்தோம் சிலுவை, டேப்போடு போன சாந்தோம் வாத்தியார் பெண்டாட்டி. வசமாக மாட்டியிருப்போமே. பையனுக்காக வைத்தாரா, நம்மை மாட்டிவிட வைத்தாரா? மாட்டிவிடத்தான் என்றால் அந்த பூட்ஸை ஏன் அங்கே ஊன்றினார்? பையனுக்காகத்தான் என்றால் அந்தக் கோலை ஏன் கொடுக்கவில்லை? முன்னால் போகிற முதுகைப் பார்த்தார். வாரா வாரம் பூசையில் பார்க்கிற அதே முதுகு, ஒன்றும் சொல்லாத முதுகு.

"சார்..." என்றார்.

ஆம்ப்ரோஸ் திரும்பவில்லை. "பார்த்துப் பிடிங்க" என்றார். "ஆணி சரியா இறங்கல. கையைக் கிழிச்சிடும்."

கோயில் மணி அடித்தது. சாயங்கால ஜெபத்துக்குப் போகிற ஜனங்கள் எதிரே கும்பலாக வந்தார்கள், தெரிந்த முகங்கள்தான் எல்லாம். விக்டர் நீலச் சிலுவையை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு நடந்தார்.